ஒரு வசனத்து இந்திரன்

அந்தக் காலத்துப் புராணப் படங்களில் இந்திரனுக்குப் பெரிதாக வேலை கிடையாது. முனிவர் சாபம் கொடுப்பார், அசுரன் படையெடுத்து வருவான், நாரதர் பாடிக்கொண்டே வந்து கோள் மூட்டுவார். இந்திரன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்காருவதற்கென்றே கோயமுத்தூர் ஸ்டுடியோவில் ஓர் ஆள் இருந்தார். ஆள் நல்ல உயரம், எலுமிச்சம்பழ நிறம். கிரீடம் வைத்தால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். வாயைத் திறந்தால் போச்சு.

நான் மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தவள். கோயமுத்தூரில் பேசும் படம் எடுக்கிறார்கள், பாடத் தெரிந்த பெண்களுக்குக் கிராக்கி என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்தேன். கிடைத்தது தோழி வேஷம். தோழி என்றால் கதாநாயகிக்குச் சாமரம் வீச வேண்டும். அவள் அழுதால் நாமும் முகத்தைத் தொங்கப் போட வேண்டும். எனக்கு அதில் வருத்தம் இருந்தாலும் வெட்கம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு வந்தவள், அதற்கு மேல் என்னை எதுவாகவும் நினைத்துக்கொள்ளவில்லை.

இந்திரன் அப்படி இல்லை. கருமத்தம்பட்டிப் பக்கம் பருத்திக் காடும் கிணறும் வண்டியுமாக வாழ்கிற குடும்பத்து மூத்த மகன். சினிமா ஆசையில் வீட்டைவிட்டு வந்தவர். எங்களோடு ஒரே கொட்டகையில் அரிதாரம் பூசிக்கொள்வார், ஆனால் நாங்கள் உட்காரும் பெஞ்சியில் உட்கார மாட்டார். தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு வெள்ளி டம்ளர் வைத்திருந்தார். கூத்தாடிப் பொம்பளைகளோடு சரிசமமாகப் பழகினால் குடும்ப மானம் போய்விடும் என்று என் காதுபடவே மானேஜரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபோது அவருடைய முகத்தில் ரோஸ் பவுடரும், உதட்டில் என்னுடையதைவிடக் கெட்டியான சாயமும் இருந்தன. மாட்டைக் கூப்பிடும்போதுகூட 'ங்க' போடுகிற ஊர் அது. அந்த 'ங்க'வை அவர் எங்களுக்கு மட்டும் தருவதில்லை. "ஏ புள்ள, நகரு" என்பார்.

அந்த 'ங்க'தான் அவருக்கு வினையாகவும் வந்தது. பெரியவர்கள் யாராவது எதிரில் நின்றால், வேஷம் போட்டிருந்தாலும் வாய் தானாகப் பணிந்துவிடும். மகாவிஷ்ணுவாக நடித்தவர் வயதில் மூத்தவர். அவரைப் பார்த்து, "அப்படியே ஆகட்டும், பிரபு" என்று கம்பீரமாகச் சொல்ல வேண்டும். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஆகட்டுங்க பிரபு" என்றார். டைரக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. தலையை ஆட்டி ஓகே சொல்லிவிட்டார். ஒலிப்பதிவுக்காரர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். அதற்குப் பிறகு வந்த படங்களில் இந்திரனுக்கு ஒரு வசனத்துக்கு மேல் எழுதுவதில்லை என்று முடிவாயிற்று. அதை அவர் அவமானமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தேவேந்திரன் அதிகம் பேசினால் மதிப்பு இருக்காது என்று எல்லாரிடமும் விளக்கினார்.

ஒரு நாள் காலை, கம்பெனி வாசலில் ஒரு சவாரி வண்டி வந்து நின்றது. இருபது வயது இருக்கும், ஒரு பெண் இறங்கினாள். கறுத்த, ஒடிசலான பெண். கையில் துணி மூடிய தூக்குப்போசி. இந்திரன் அப்போது கிரீடத்தோடு வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைக் கண்டுகொண்டு நேராக வந்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்தே அவருடைய பெண்டாட்டி என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்களிடம் தான் பிரம்மச்சாரி என்றும், கலைக்காகக் கல்யாணத்தை வேண்டாமென்று விட்டதாகவும் கதை அளந்திருந்தார்.

பக்கத்தில் நின்ற நாரதர் வேஷக்காரர் யார் என்று கேட்டார்.

"நம்ம தோட்டத்துல பருத்தி எடுக்கிற புள்ள. அம்மா பலகாரம் குடுத்து உட்டிருப்பாங்க" என்றார் இந்திரன்.

அது அவள் காதில் விழுந்தது. நின்றாள். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு எங்கள் பெஞ்சிக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தாள். கச்சாயம். எண்ணெயில் சுட்ட அந்தப் பலகாரத்தில் வெல்ல வாசனை அடித்தது. சாமரக்காரிகள், அசுரர்கள், வாசல் காவல்காரர் என்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"ஏனுங்க அக்கா, அவரு என்ன வேசமுங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

இந்திரன் என்றேன்.

"அது என்னங்க பண்ணும்?"

உட்கார்ந்திருக்கும் என்றேன். அவள் யோசித்துவிட்டு, ஊட்டுலயும் அப்படித்தானுங்க என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. அவரை அன்றைக்குத்தான் முழுக்க வெறுத்தேன்.

அவள் போனதும் அவர் முதல் காரியமாகக் காவல்காரரிடம் போய், ஊர்க்காரர்கள் யார் வந்து தன்னைக் கேட்டாலும் அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று சொல்லச் சொன்னார்.

ஆடி மாதம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருந்தது. இந்திர சபைக் காட்சியை மேல் திறந்த செட்டில் வெயிலை நம்பி எடுக்க வேண்டும். வெயில் வந்தால் எல்லாரும் ஓடிப்போய் அவரவர் இடத்தில் நிற்போம். மறைந்தால் அப்படியே காத்திருப்போம். அப்படி ஒரு நாள் காலை, இந்திரனின் ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து காவல்காரரிடம் அவரைக் கேட்டிருக்கிறார். காவல்காரர் சொல்லச் சொன்னதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் அவளே வந்தாள், தாய்மாமனோடு, வாடகை மோட்டாரில். கச்சாயம் தின்ற காவல்காரருக்கு அவளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

அவளுடைய மாமனார், இந்திரனின் அப்பா, விடியற்காலையில் இறந்துவிட்டார். மூத்த மகன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். மாமன் செட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, சேதியை மானேஜரிடம் சொல்லி அனுப்பினார். மானேஜர் கண்டிப்பான ஆள், ஆனால் சாவு விஷயத்தில் மனிதர். உடனே புறப்படுங்கள், வேஷத்தை வேறு யாருக்காவது போட்டுக்கொள்ளலாம் என்று இந்திரனிடம் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை போதுமானதாக இருந்தது. வேறு யாருக்காவது. இந்திரன் இரண்டு கைகளாலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அட்டையில் ஜிகினா ஒட்டிய கிரீடம்.

"ஷாட்டு முடிஞ்சதும் வாரேன்னு சொல்லிப்போடுங்க" என்றார்.

அப்பன் செத்தவன் பேச்சா இது என்று நாரதர் என்னிடம் முணுமுணுத்தார். அவரிடமே போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவர் போகவில்லை. எங்களில் யாருமே போகவில்லை. நடிகர்களின் தைரியம் அவ்வளவுதான்.

வெயில் வரவில்லை. மாமன் பொறுத்துப் பார்த்துவிட்டு, மோட்டாருக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றாள். நடுப்பகல் தாண்டி மேகம் விலகிற்று. எல்லாரும் ஓடினோம். காமிரா ஓடத் தொடங்கியது. இந்திரன் நெஞ்சை நிமிர்த்தி, சொல்ல வேண்டிய ஒரே வசனத்துக்காக மூச்சை இழுத்தார். அந்த நேரத்தில் அவள் செட்டுக்குள் நடந்து வந்தாள். அசுரர்களும் அப்சரஸ்களும் வழி விட்டார்கள். சிம்மாசனத்துக்கு முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்கய்யன் போயிட்டாருங்க. இனி நீங்க வர வேண்டாமுங்க. கொழுந்தனாரு கொள்ளி வெச்சுக்குவாரு. சொல்லாமப் போனா நல்லாருக்காதுன்னு வந்தனுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். இந்திரன் சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. டைரக்டர் கட் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மானேஜரைக் கூப்பிட்டு, அந்தப் பெண் யார், இத்தனை நாள் எங்கே இருந்தாள், அவளுக்கு உடனே ஒரு வேஷம் கொடு என்று இங்கிலீஷில் பரபரத்தார். அதை நடிப்பு என்றே நினைத்துவிட்டார். மானேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் அவள் பின்னால் ஓடிப்போய், டைரக்டர் இப்படிக் கேட்கிறார் அம்மணி என்று சொன்னேன்.

"ஊட்டுல பொணம் கெடக்குதுங்க அக்கா" என்றாள். மோட்டார் போய்விட்டது.

இந்திரன் அன்று மாலை வரை வேலை பார்த்தார். வசனத்தைச் சொன்னார், சரியாகவே சொன்னார். ஊருக்குப் போகவில்லை. இனிப் போய் என்ன ஆகப்போகிறது என்று எங்களிடமே நியாயம் கேட்டார். படம் நீளம் அதிகமென்று இந்திர சபைக் காட்சியை முழுக்க வெட்டிவிட்டார்கள். அடுத்த படத்தில் இந்திரன் வேஷம் ஒரு பயில்வானுக்குப் போயிற்று. இவருக்கு வாயிற்காவலன் வேஷம் கிடைத்தது. கையில் வேல் பிடித்து நின்றார். அதன் பிறகு அதுவும் இல்லை.

சில வருஷம் கழித்து நான் நாடகத்துக்கே திரும்பிவிட்டேன். அவிநாசிப் பக்கம் நாடகம் போட நாங்கள் போனபோது, அவள் வண்டி அனுப்பி என்னையும் ஆர்மோனியக்காரரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். தோட்டத்தை அவளும் கொழுந்தனும்தான் பார்த்துக்கொண்டார்கள். அவர் திரும்பி வந்திருந்தார். யாரும் அவரை விரட்டவில்லை, யாரும் அவரிடம் எதுவும் கேட்பதும் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு, வந்த நாலு பேரிடம் சினிமாப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் முதன்முறையாக, "வாங்க, வாங்க" என்றார். நாலு பேர் முன்னால் ஒரு நடிகை வீடு தேடி வந்தது அவருக்குத் தேவைப்பட்டது. பிறகு அவர்களிடம் அய்யன் செத்த கதையை எடுத்தார். புறப்பட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டு டைரக்டர் அழுதாராம். நீங்கள் போனால் படமே நின்றுவிடும் என்றாராம். கலைக்காக, பெற்றவருக்குச் செய்ய வேண்டிய கடனைக்கூட விட்டேனுங்க என்றார். கண்ணில் நீர்கூட வந்தது. காமிரா முன்னால் ஒருநாளும் வராத நீர்.

அவள் உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

"அப்படி யாரும் அழலைங்க. போங்கன்னுதான் சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன்.

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. சாமரம் வீசுகிறவர்களுக்குப் பின்வரிசையில் எதுவும் சரியாகக் காதில் விழாது என்று அவர்களுக்கு விளக்கிவிட்டு, மேலே கதையைத் தொடர்ந்தார். அவர்களும் கேட்டார்கள்.

"சோறு ஆறுதுங்க அக்கா, உள்ள வாங்க" என்றாள் அவள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். கொள்ளுப் பருப்பும் கத்திரிக்காயும் கட்டித் தயிரும். வெளியே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் எனக்குப் பரிமாறிக்கொண்டே, பருத்தி இந்த வருஷம் நன்றாக வந்திருப்பதாகவும், கிணற்றை இன்னும் ஆழப்படுத்தப் போவதாகவும் சொன்னாள். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.