ஆயிரத்தோடு நின்ற வகுத்தல்

கம்ப்யூட்டர் சென்டரில் ஆள் சேர்க்கும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவரை அசத்திவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், படித்தது கணிதம். பொம்மனஹள்ளி சென்டரில் மூன்று மாதத்தில் பத்து அட்மிஷன் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. அசத்துவதற்காக நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஏழு இலக்க எண் எதைக் கொடுத்தாலும் அதன் குணங்களைத் திரையில் சொல்லும்.

இரண்டின் பெருக்கம்

பொம்மசந்திரா ஃபேக்டரியிலிருந்து ஷிப்ட் முடிந்து ஒரு ஃபிட்டர் வந்தார். எண் எதுவும் தோன்றவில்லை என்றதால் 1048576-ஐ நானே போட்டுக் காட்டினேன். பாதி, அதில் பாதி என்று இருபது முறை மீதியில்லாமல் இறங்கி, கடைசியில் ஒன்று நின்றது. எனக்குப் புல்லரித்தது. அவர் எழுந்துவிட்டார்.

"எங்க லைன்ல ஆள் குறைக்கிற மாதிரியே இருக்கு சார்."

மீதி எட்டு

ஓர் அம்மா மகனின் பரீட்சை நம்பரைக் கொடுத்தார்: 3407129. ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு என்றது திரை. அவர் முகம் கறுத்தது. எட்டு சனியோட நம்பராம். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலும் அதேதான் வரும், எண்ணின் இயல்பு அது என்று பொறுமையாக விளக்கினேன்.

"தம்பி, மெஷினை ஒரு தரம் ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க, வேற வருதான்னு பார்ப்போம்."

பத்தாவது அட்மிஷன்

கெடு முடிய இரண்டு நாள். கையில் ஒன்பது அட்மிஷன். ஆனேக்கல்லிலிருந்து ஓர் அப்பாவும் பி.யூ.சி. படிக்கும் மகளும் வந்தார்கள். அவள் கொடுத்த எண் 1018081. "பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாது" என்றது திரை. அப்பா அசந்துபோய் ஃபாரம் கேட்டார்.

அவர் நிரப்பும்போதுதான் எனக்கு உறுத்தியது. பழைய மெஷின், யாரையும் காக்க வைக்காதே என்று மேனேஜர் சொன்னதால், ஆயிரம் வரை மட்டுமே வகுத்துப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதைவிடப் பெரிய இந்த எண்ணுக்கு அது போதாது. காகிதத்தில் மேலே போனேன். ஆயிரத்து ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு... ஆயிரத்து ஒன்பதில் மீதியில்லாமல் போனது. விடையும் ஆயிரத்து ஒன்பது. பகா எண் இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடினார். "வீட்ல பேசிட்டு வர்றோம் சார்." வாசலில் மகள் மட்டும் ஒரு நொடி நின்றாள்.

"எனக்கு அப்பவே தெரியும் சார், நானே பெருக்கி எடுத்துட்டு வந்த நம்பர், அப்பா சேத்து விடறேன்னாரு, அதான் வாயத் திறக்கல."

மேனேஜர்

கெடு நாளன்று ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கன்னட வழக்கப்படி 'குரு' என்று தோழமையாகக் கூப்பிட்டார்.

"அந்த நம்பர் வந்து உன்னக் கேட்டுச்சா குரு, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணியிருக்கலாமே."

ஆயிரத்தோடு நின்றது என் புரோகிராம், ஒன்பதோடு நின்றது என் உத்தியோகம். இரண்டையும் கூட்டினால் வருவது ஆயிரத்து ஒன்பது, அந்தப் பெண் அதனாலேயே பெருக்கிக்கொண்டு வந்த எண்.