அப்பாவின் பில் மெஷினுக்குள் எந்த சாஃப்ட்வேர்?

அப்பா காளவாசலில் கடைகளுக்கு பில் மெஷின் செய்து விற்கிறார். புது மெஷினில் எந்த சாஃப்ட்வேரை ஏற்றுவது என்று இன்று சாயந்தரம் வீட்டில் பேச்சு.

நான் ஓப்பன் சோர்ஸ் ஒன்றை ஏற்றி, பில் தமிழில் வரும்படி மாற்றிக் காட்டினேன். காசு கிடையாது, நமக்கு வேண்டியபடி திருத்திக்கொள்ளலாம் என்றேன்.

அப்பா உதட்டைப் பிதுக்கினார். "ஓசியில குடுக்கிறவன், நாளைக்கு மெஷின் நின்னா வந்து பாப்பானா, பாப்பா?"

நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்வதற்குள் சித்தப்பா பென்டிரைவை நீட்டினார். "அண்ணே, இது பெரிய கம்பெனி சாஃப்ட்வேர். பூட்டை உடைச்சு வச்சிருக்கேன். அம்புட்டு மெஷின்லயும் ஏத்திரலாம்."

"அது திருட்டு சித்தப்பா! கண்டுபிடிச்சா அப்பா மேலதான் கேஸ் வரும்."

"நீ போயி படிக்கிற வேலையப் பாரு" என்ற அப்பா, பென்டிரைவை வாங்கி மெஷினில் செருகினார்.

நாளைக் காலை முதலாவது மெஷின் அப்பா பெயரை ஒட்டிக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போகிறது.

ஓசியில் கொடுப்பவன் வந்து பார்க்கமாட்டானாம். இந்தக் கம்பெனிக்காரர் கட்டாயம் வந்து பார்ப்பார், போலீஸோடு.

காலைக்குள் அப்பாவிடம் என்ன சொல்லலாம்? எழுதுங்கள். போன் மட்டும் பண்ணாதீர்கள், இது அம்மாவின் போன்.