வெளிநாட்டில் தீர்ந்துபோன பேலன்ஸ்

குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பொருத்தும் மெக்கானிக் அவர். வாய் ஓயாது. பட்டறையில் அவருக்கு ‘ரேடியோ’ என்றே பெயர். மனைவியோ நேர்மாறு, கேட்டால் மட்டும் பதில் சொல்லுவாள். கல்யாணமான புதிதில், இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்றுகூட அவர் கலங்கியதுண்டு.

கம்பெனி அவரை முதன்முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பியது. மொழி தெரியாத இடம். சாயங்காலம் ஆனால் ஊர் சிம் போட்ட தன் பழைய பட்டன் போனில் மனைவியைக் கூப்பிட்டு, சாப்பிட்டதிலிருந்து மரை கழன்ற போல்ட் வரைக்கும் ஒப்பிப்பார். அங்கே நாம் கூப்பிட்டாலும் சரி, வருகிற காலை எடுத்தாலும் சரி, பேலன்ஸ் எப்படிக் கரையும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பாதிப் பேச்சில் லைன் அறுந்தது.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஒரு போன் கடையில் நுழைந்தார். கல்லாவில் இருந்த அம்மாள் அவருடைய நம்பரைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அவளிடம் உள்ளூர் ரீசார்ஜ் மட்டும்தான். அவர் முகம் வாடியதைக் கண்டு தன் போனையே நீட்டினாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி எடுக்கவில்லை. “தெரியாத நம்பர்னா எடுக்காதே” என்று புறப்படும்போது படித்துப் படித்துச் சொன்னவர் அவரேதான்.

அன்று முழுக்கப் பேச ஆளில்லை. மதியத்துக்குமேல் கம்ப்ரசரைத் திட்டிக்கொண்டே வேலை செய்தார். கூட இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அறைக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

“நான்தான். பேலன்ஸ் தீந்துடுச்சா?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

“பாதியில கட் ஆனா நீங்க திரும்பக் கூப்பிடாம இருக்க மாட்டீங்களே. முக்குக் கடையில கேட்டேன். எந்த நாட்டுல இருந்தாலும் இங்கிருந்தே போடலாமாம். போட்டுட்டேன்.”

போன் சமாச்சாரம் எதற்கும் அவள் அதுவரை கடை வாசல் மிதித்ததில்லை. அவர் தன் அவஸ்தையைச் சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

“தண்ணி மோட்டார் மக்கர் பண்ணிச்சு. ஆளைக் கூப்பிட்டா நாளைக்கு வரேன்னான். நானே கழட்டிட்டேன்.”

“நீயா? ஷாக் அடிச்சிருந்தா?”

“மெயினை அணைச்சிட்டுத்தான் தொட்டேன். உள்ள பாத்தா ஒரே துரு…”

துருவிலிருந்து மாடிவீட்டுச் சண்டைக்கும், அங்கிருந்து சின்ன மகளின் பல்வலிக்கும் பேச்சு போனது. இத்தனையும் இவளுக்குள் எங்கே இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை. கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன, சத்தத்தையே காணோம்? உங்க காசு வேற போகுது, வச்சிடவா?”

“போனாப் போகுது. பல் டாக்டர் என்ன சொன்னார், அதைச் சொல்லு.”

டாக்டர் சொன்னதை அவள் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பேலன்ஸ் மறுபடி தீர்ந்தது. விடிந்ததும் முதல் வேலையாக அவள் கடைக்குக் கிளம்பினாள்.