பைகளை வெளியே வைக்கவும்

பல்கலைக்கழக நூலக வாசலில் ஒன்பது வருடம் இருந்தேன். பெரிய வேலையில்லை. உள்ளே போகிறவர்களின் பையை வாங்கி விறாந்தைத் தட்டில் வைத்து, இலக்கம் அடித்த தகரத் துண்டொன்றைக் கையில் கொடுப்பது. திரும்பும்போது தகரத்தை வாங்கிப் பையைக் கொடுப்பது. எனக்கு நாக்கு நீளம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நீளம்தான். வாசலில் இருப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் உள்ளே புத்தகம் ஒன்றும் மிஞ்சாது என்று நம்பியிருந்தேன்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு ஊர்கள் இடம்பெயர்ந்தன, மின்சாரமும் போனது. வீடில்லாத மாணவர்களுக்குப் படிக்க இனி இது ஒன்றுதான் இடம் என்றார் எங்கள் நூலகர். நல்ல மனுசன். வெளிச்சம் கிடைக்கட்டுமென்று மேசைகளை யன்னலோரம் இழுத்துப் போடுவித்தார். மூடும் நேரத்தைப் பொழுது சாயும்வரை தள்ளிவைத்தார். 'இந்நூலகம் எல்லோருக்கும் உரியது' என்று ஒரு பலகை எழுதுவித்து வாசலுக்கு மேலே கொழுவினார். அதற்கு நேர் கீழே 'பைகளை வெளியே வைக்கவும்' என்ற பழைய பலகை தொங்கியது. இரண்டையும் சேர்த்து வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குருநகர்ப் பிள்ளை ஒருத்தி அந்த நாட்களில் படிக்கட்டில் வந்து இருப்பாள். கடற்கரை வீடு ஷெல்லடியில் போக, தாயும் தம்பிமாரும் அவளும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வேறு நாலு குடும்பங்களோடு இருந்தார்கள். உரச்சாக்கில் தைத்த பையொன்று எப்போதும் அவள் மடியில் இருக்கும். கடைசி வருடப் பரீட்சைக்கு வேண்டிய புத்தகம் எங்களிடம் ஒரே ஒரு பிரதி, வெளியே கொடுப்பதில்லை. சிநேகிதி உள்ளே போய்ப் பார்த்தெழுதிக் கொண்டுவர, இவள் படியில் இருந்து அதைப் பார்த்துத் தன் கொப்பியில் எழுதுவாள். எனக்கு எரிச்சல் வரும். கால் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, உள்ளே வர என்ன கேடு? ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"பையை விட்டிட்டு வரேலாது அக்கா," என்றாள். வீட்டு உறுதிப் பத்திரம், எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்கள், தகப்பனின் மரணச் சான்றிதழ், அவளுடைய பெறுபேறுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. தாய்க்கு வாசிக்கத் தெரியாது. அதனால் பை இவள் பொறுப்பு. "பையோடை விடுங்கோவன். நான் புத்தகம் களவெடுக்க மாட்டன்."

"உமக்கு மட்டும் தனிச் சட்டமோ?" என்றேன்.

அப்போது என் பை எங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கதவுக்கு உள்ளே, மேசைக்குக் கீழே, என் காலடியில். அந்த நாட்களில் அப்படியொரு பை இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் எது? குண்டுக்குப் பயந்து பங்கர்க் குழிக்கு ஓடினாலும் ஊரைவிட்டு ஓடினாலும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். நான் வேலைசெய்கிறவள், என் பைக்குச் சட்டமில்லை. "இடம்பெயர்ந்த பிள்ளையள் ஏன் உள்ளுக்கு வாறேல்லை?" என்று நூலகர் கேட்டபோது, "படிக்கிற எண்ணம் இருந்தால்தானே, சேர்," என்றேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரி நான்தான்.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கையில் சிநேகிதி கிளாலியில் வள்ளம் ஏறி, கடலேரியைக் கடந்து கொழும்புக்குப் போய்விட்டாள். இவள் இரண்டு நாள் வெறுங்கொப்பியோடு படியில் இருந்தாள். மூன்றாம் நாள் எனக்கே பொறுக்கவில்லை.

"பிள்ளை, பையை என்னட்டைத் தாரும். நான் பாத்துக்கொள்ளுறன்."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தந்தாள். என் மேசைக்குக் கீழே வைத்திருக்கலாம். சட்டம் சட்டம்தான் என்று விறாந்தைத் தட்டில் வைத்து, இருபத்தேழாம் இலக்கத் தகரத்தைக் கொடுத்தேன்.

ஒரு மணித்தியாலம்கூட ஆகியிராது, பொம்மர் விமானம் இரைந்தது. எல்லோரும் முன்வளவுப் பங்கருக்கு ஓடினோம். உள்ளே குந்திய பிறகுதான் மடியைப் பார்த்தேன். என் பை இருந்தது. அவளுடையது இல்லை. எட்டிப் பார்த்தேன். ஓடின அமளியில் தட்டு சரிந்து பைகள் விறாந்தையில் குவிந்து கிடந்தன. அந்தப் பிள்ளை முழங்காலில் நின்று அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். விமானம் பதிந்து வந்தது. விட்டிட்டு வா என்று கத்தினேன். அவள் திரும்பவேயில்லை. குண்டு எங்கோ தள்ளி விழுந்து நிலம் ஆடியது. பையோடு கடைசியாக இறங்கி வந்தவள் என் மடியைப் பார்த்தாள்.

"உங்கடையை எடுத்திட்டியள்தானே அக்கா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் நூலகரிடம் எல்லாம் சொன்னேன், என் பையின் கதையையும் சேர்த்து. அவர் ஏசவில்லை. பழைய பலகையைக் கழற்றிவிட்டு 'பைகளுடன் உள்ளே வரலாம்' என்று எழுதுவித்தார். சாக்குப்பையோடும் சூட்கேசோடும் பிள்ளைகள் வந்தார்கள். இத்தனை பேர் வெளியே நின்றிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பயந்த அளவுக்குப் புத்தகங்களும் காணாமல் போகவில்லை. அவள் மட்டும் வரவில்லை. அந்தப் புத்தகத்தை என் மேசையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். பரீட்சையும் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். நான் எழும்பி, "வாரும் பிள்ளை, பையோடை வாரும், இப்ப விடுவம்," என்றேன். புதுப் பலகையை நிமிர்ந்து வாசித்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"நான் சோதினை எடுக்கேல்லை அக்கா. படிப்பை விட்டிட்டன். இதைத் தந்திட்டுப் போக வந்தனான்."

படியில் இருந்து பையைத் திறந்தாள். பொலித்தீன் உறைக்குள் எல்லாம் மடிப்புக் குலையாமல் இருந்தன. தகப்பனின் மரணச் சான்றிதழுக்கும் வீட்டு உறுதிக்கும் நடுவிலிருந்து, கடதாசியில் சுற்றிய எங்கள் இருபத்தேழாம் இலக்கத் தகரத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அப்படியொன்று அவளிடம் இருப்பதே எனக்கு நினைவில்லை. அவள் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள்.