கள்ளுப்பானையைத் தேரில் கவிழ்த்த கதை

அம்மனின் சித்திரைத் தேரோட்டத்துக்காகக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சிலிருந்து கிள்ளானுக்கு அப்பால் மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்தேன். வேடிக்கை பார்க்க அல்ல. நான் தையல்காரன், தேருக்குத் தைத்த தொம்பைகளைக் கொண்டுபோனேன். தொம்பை என்பது தேரின் நாலு மூலையிலும் தொங்கும் துணிக்குழாய். யானை, மயில் வைத்துத் தைப்பதுதான் வழக்கம். அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் அஞ்சலை கேட்டதோ கவிழ்ந்த கள்ளுப்பானை.

தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்கு எதிரிலேயே சர்க்கார் அனுமதியோடு கள்ளுக்கடை. அவள் புருஷன் சம்பளம் அங்கேதான் கரைகிறது. கடையை மூடச் சொல்லி எழுதிய துணியோடு பெண்கள் ஊர்வலம் போக அனுமதி கேட்டார்கள், போலீஸ் மறுத்துவிட்டது. "தேருக்குத் துணி கட்ட எவன்கிட்ட அனுமதி கேக்கணும் அண்ணே?" என்றாள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்துப்போயிற்று.

காலை ஏழேகாலுக்குக் கோலாலம்பூரில் ரயில், எட்டரைக்குக் கிள்ளான். மூன்றாம் வகுப்பில் மூட்டையை மடியிலேயே வையுங்கள், கீழே ஒரே வெற்றிலை எச்சில். அங்கிருந்து ஆறு மைல், லோரியில் இருபது காசு. அம்மனுக்குத் துணி என்றதும் டிரைவர், "அப்ப முன்னாடி வந்து உக்காருங்க லா" என்றார்.

தேர் அலங்காரம் செய்யும் மாரிமுத்துவிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டுச் சோறு தின்னப் போனேன். புத்தி கெட்ட வேலை. திரும்பினால் தேர் கிளம்பிவிட்டது. நாலு தொம்பையிலும் பானை நிமிர்ந்து நிற்கிறது! கவிழ்ந்த பானை அம்மனுக்கு ஆகாது, தையல்காரன் தவறிவிட்டான் என்று மனுஷன் தொம்பைகளைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறார். பார்த்தால் பூரண கும்பமேதான். கள்ளுக்கடைக்காரன் வாசலில் நின்று கும்பிடுகிறான்.

கடைக்கு நேரே அஞ்சலை வடத்தைக் கீழே போட்டாள். மற்றப் பெண்களும் போட்டார்கள். தேர் நின்றது.

"நல்ல நாள்ல என்னாம்மா இது?" என்று மாரிமுத்து கத்தினார்.

"பானைய கவுத்துக் கட்டுங்க, இழுக்கறோம்."

"அபசகுனம் லா!"

"எங்க வீட்டுல சோத்துச்சட்டியே கவுந்து கெடக்கு. அதவிடவா அபசகுனம்?"

அவர் ஏணியை என் பக்கம் தள்ளினார். நாலையும் அவிழ்த்துக் கட்ட எனக்கு இருபது நிமிஷம். போலீஸ்காரர் வந்து துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட இல்லை, போய்விட்டார். பெண்கள் வடத்தைத் தூக்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உங்கள் ஊர்த் தேருக்கும் தைப்பதானால் கீழ் ஓரத்தில் வளையம் வைக்காதீர்கள், வைத்தால் யாராவது புரட்டிக் கட்டுவார்கள். கட்டி முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். திரும்பும் ரயில் கிள்ளானில் ஆறரைக்கு.

கடை மூடிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. போன வாரம் அஞ்சலை என் கடைக்கு வந்திருந்தாள். இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கள்ளுக்கடைக்குள் நுழைந்த புருஷன், இப்போது பின்வாசல் வழியாகப் போகிறானாம்.

"பின்வாசலுக்கு எதிரே துணி காயப்போடற கொடி இருக்கு அண்ணே," என்றாள். "எங்க சேலைங்கள்லயும் அந்தப் பானைய தச்சுக் குடுங்க."