வேலிக்கு வெளியே ஒரு தலைமைப் பயிற்சியாளர்

சங்கமித்ரா மிஸ் முதல் இரண்டு ஆண்டுகள் வேலிக்கு வெளியே நின்றுதான் ஒரு பெண்கள் கல்லூரியின் கால்பந்து அணியை நடத்தினார். போட்டிக்கு முன் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அதில் தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியில் பெயர் உள்ளவர்தான் மைதானக் கோட்டருகே நிற்கலாம், ஆளை மாற்றலாம். நிரந்தர ஊழியர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று கல்லூரி அலுவலகம் சொல்லிவிட்டது. மிஸ் தற்காலிக ஊழியர். அதனால் உடற்கல்வி இயக்குநர் சீனிவாசராகவன் சார் பெயர் போகும். நல்ல மனிதர், ஆனால் கிரிக்கெட்காரர். ஒன்பதாம் நம்பரை வெளியே எடுக்கச் சொல்லி மிஸ் வேலிக்கு வெளியிலிருந்து விரல் காட்டினால், அவர் ஆறாம் நம்பரை எடுப்பார்.

அந்த அணியின் கோல்கீப்பர் ஜோசஃபின் என் அக்கா. அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வரி மிஸ்ஸுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் கன்னடம் பேசும் எங்கள் நகரத்தில், காக்ஸ் டவுன் பகுதியில் வளர்ந்தவர். அப்பா அசோகன் ரயில்வே பார்சலில் மூட்டை தூக்கினார். பையன்களோடு ஆடிப் பழகிய மிஸ் மாநில அணி வரை போனார். இருபத்து நான்கு வயதில் ஒரு போட்டியில் முழங்கால் வலிக்கிறது என்று சைகை காட்டினார். அப்போதைய பயிற்சியாளர் வெளியே எடுக்கவில்லை. இருபது நிமிடம் நொண்டிக்கொண்டே ஆடினார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

கல்லூரியில் சேர்ந்ததும் கால்பந்து ஆட வரச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார். வந்த பதினான்கு பேரில் பதினொரு பேர் த்ரோபால் ஆடியவர்கள். த்ரோபாலில் பந்தைப் பிடித்தவர் மூன்று நொடிக்குள் வலைக்கு மேலே எறிந்துவிட வேண்டும். அக்காவும் த்ரோபால்தான். முதல் ஆட்டத்திலேயே வந்த பந்தையெல்லாம் அழகாகப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் எதிரணியின் காலுக்கே எறிந்தாள். ஆறு கோல் விழுந்தது.

"ஏய் ஜோசி, பந்து என்ன சுடுதா? ஏன்டி இப்டி வீசற?"

"மூணு செகண்டுக்கு மேல வெச்சிருந்தா ஃபவுல் மிஸ்!"

"அது த்ரோபால்டி தாயே!"

ஆறு மாதம் அந்தப் பழக்கத்தை மாற்றப் பார்த்தார் மிஸ். பந்தைக் கையில் வைத்திருக்கச் சொன்னால் அக்கா பதறிக் கீழே விட்டாள். ஒருநாள் பயிற்சியில் அவள் எறிந்த பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. மிஸ் விசிலை ஊதாமல் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். மறுநாளிலிருந்து அக்காவை விட்டுவிட்டு மற்ற பத்துப் பேரை மாற்றினார். பந்து ஜோசஃபின் கைக்கு வந்ததும் எல்லோரும் கன்னடத்தில் "ஒந்து, எரடு, மூரு" என்று எண்ணிக்கொண்டே ஓட வேண்டும். மூரு சொல்லும்போது முன்கள வீராங்கனை ஸ்னேஹா பந்து விழும் இடத்தில் இருக்க வேண்டும். எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் கோல்!

மூன்றாம் ஆண்டு பல்கலைக்கழக இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். அன்று காலை அலுவலக உதவியாளர் வரவில்லை. அதனால் படிவம் முதல்முறையாக மிஸ் கைக்கு வந்தது. படித்தார். திரும்பவும் படித்தார். அதை எடுத்துக்கொண்டு நேராக முதல்வர் ராஜலக்ஷ்மியிடம் போனார்.

"மேடம், இதுல பர்மனென்ட்டுன்னு எங்க போட்டிருக்கு? காலேஜ் நியமிச்சவங்கன்னு மட்டும்தான் இருக்கு."

முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். கிரிக்கெட் படிவத்தில் இருந்த விதியைக் கால்பந்துக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

"என் பேர அடிச்சிடுங்கோ மேடம்," என்றார் அங்கேயே உட்கார்ந்திருந்த சீனிவாசராகவன் சார். "ஆஃப்சைடுன்னா என்னன்னு இன்னிவரைக்கும் நேக்குத் தெரியாது."

முதல்வர் சிரித்துவிட்டார். அடித்துவிட்டு மிஸ் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் கேலரியில் இருந்தேன். இடைவேளையில் நம்மவர்கள் ஒரு கோல் பின்னால். எதிரணி ஸ்னேஹாவுக்கு இரண்டு பேரைக் காவல் போட்டிருந்தது. மிஸ் அவளை வலப்பக்கம் ஓடச் சொன்னார். காவல் இருவரும் அவள் பின்னால் ஓட, காலியான இடப்பக்கத்தில் பின்கள வீராங்கனை வீணா ஓடினாள். அக்கா எறிந்த பந்து அவள் முன்னால் விழுந்தது. கோல்! ஒன்றுக்கு ஒன்று.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஸ்னேஹா காலை இழுத்து இழுத்து ஓடினாள். மிஸ் கையைத் தூக்கினார். ஒன்பதாம் நம்பர் வெளியே.

"பைத்தியமா இந்தம்மாவுக்கு?" என்று என் பக்கத்தில் ஒருவர் கத்தினார். "ஸ்டார் பிளேயர போய் எடுக்கறாங்க!"

ஸ்னேஹா அழுதாள். "நான் ஆடறேன் மிஸ், ப்ளீஸ்!"

"இன்னும் பத்து வருஷம் ஆடு கண்ணு. இப்ப வந்து உக்காரு."

அவளுக்குப் பதிலாக முதலாண்டு மாணவி ஆஞ்சலா இறங்கினாள். அவள் இறங்கிய ஐந்தாவது நிமிடம் அக்கா ஒரு பந்தைப் பிடித்தாள். இந்த முறை எங்கள் கேலரியே "ஒந்து, எரடு" என்று எண்ணியது. மூரு சொல்லி முடிக்கும்போது ஆஞ்சலாவின் காலில் பந்து இருந்தது. அவள் உதைத்தாள். வலை ஆடியது. பைத்தியமா என்று கேட்டவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

கோப்பை வென்ற அடுத்த வாரம் மிஸ்ஸுக்கு நியமன ஆணை வந்தது: தலைமைப் பயிற்சியாளர், பெண்கள் கால்பந்து. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். கூடவே த்ரோபால் பயிற்சியாளரும் வந்து நின்றார்.

"எனக்கு டீம் போட ஏழு பேரையாவது விட்டு வைங்க மேடம்."

"முதல்ல எனக்கு ஒரு ரிசர்வ் கோல்கீப்பர் குடுங்க. அப்புறம் பேசலாம்," என்று சொல்லிவிட்டு மிஸ் விசிலை ஊதினார்.