வாரங்கல் சாலையில் டாப் கியர்

செகந்திராபாத்தில் அமர்த்திய அம்பாசிடரில் நானும் கணவரும் வாரங்கலுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். கட்கேசர் தாண்டியதும் சாலை காலியாக நீள்கிறது. நான் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடமாகிறது. வீட்டில் கார் கிடையாது. டிரைவர் அந்தோணி செகந்திராபாத் லாலாகுடாவில் பிறந்த தமிழர். அவரிடம் கேட்டேவிடுகிறேன்.

"கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?"

"நக்கோ மேடம், வேணாம், ஓனர் திட்டுவாரு."

கைப்பையிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறேன். வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு பக்கமாகப் படிக்கிறார். பிறகு இறங்கி இடம் மாறுகிறார்.

முதல் தடவை வண்டி குதித்து நின்றுவிடுகிறது. இரண்டாம் தடவை ஓடுகிறது. எதிரே ஒரு லாரி வருகிறது. பின்சீட்டில் கணவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். அந்தோணியின் கை ஸ்டியரிங் அருகே வந்து, தொடாமல் நிற்கிறது. லாரி கடந்துபோகிறது.

"இப்ப டாப் கியர் போடுங்க," என்கிறார் அந்தோணி.

போடுகிறேன்.